கை சொல்லும் வயது

கோப்பும் பந்தும்

ஜூலை மாதம் வந்துவிட்டால் வட இந்தியப் பள்ளிகளின் விளையாட்டுத் திடல்களில் புல் துளிர்க்கத் தொடங்கும். கோடை விடுமுறையில் வெடித்துக் கிடந்த மண், முதல் மழையில் நனைந்து காலணியின் அடியில் அப்பிக்கொள்ளும். இலக்குக் கம்பங்களுக்கு வெள்ளை பூசப்படும். கிழிந்த வலைகள் முடிச்சிடப்படும். அலமாரியில் சுருங்கிக் கிடந்த பந்துகளுக்குக் காற்று அடைக்கப்படும். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அணித்தேர்வு பற்றிய அறிவிப்பு வாசிக்கப்படும். பள்ளிக் கால்பந்தாட்டத்தின் புதிய பருவம் இவ்வாறுதான் தொடங்குகிறது.

திடலில் நடப்பது ஆயத்தத்தின் ஒரு பாதி. மறுபாதி உடற்கல்வி ஆசிரியரின் மேசைமேல் ஒரு கோப்பில் நடக்கிறது. பிறப்புச் சான்றிதழ், சேர்க்கைப் பதிவேட்டின் படி, ஆதார் அட்டை நகல், மருத்துவச் சான்று, பெற்றோரின் ஒப்புதல் கடிதம், பள்ளி முத்திரையிட்ட நிழற்படம் என ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கட்டுத் தாள் சேரும். பந்தை எவ்வளவு திறமையாக உதைத்தாலும், அந்தத் தாள்கள் சரியாக இல்லாதவர் களத்தில் இறங்க இயலாது. அந்தத் தாள்கள் அனைத்தும் திரும்பத் திரும்பக் கேட்கும் வினா ஒன்றே: இந்த மாணவருக்கு உண்மையில் என்ன வயது?

எளிய வினாதான். ஆயினும் இந்தியப் பள்ளி விளையாட்டு பல பத்தாண்டுகளாக விடை தேடித் தடுமாறுவது இந்த ஒரு வினாவுக்கே.

ஒரே வயதினரின் ஆட்டம்

இந்தியப் பள்ளிகளுக்கிடையே நடைபெறும் கால்பந்துப் போட்டிகளில் பெரும்புகழ் பெற்றது சுப்ரதோ கோப்பை. இந்திய விமானப்படைக்குத் தலைமையேற்ற முதல் இந்தியரான சுப்ரதோ முகர்ஜியின் பெயரால் அது வழங்குகிறது. 1954 ஏப்ரல் 1 அன்று தலைமைப் பொறுப்பை ஏற்ற அவர், விளையாட்டுத் திறமையைப் பள்ளிப் பருவத்திலேயே கண்டெடுக்க வேண்டும் என்று எண்ணியவர். 1960-ஆம் ஆண்டு போட்டி தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் தோக்கியோ நகரில் அவர் காலமானார். அவர் பெயரில் அமைந்த போட்டியை விமானப்படையினர் இன்றளவும் முன்னின்று நடத்துகின்றனர்.

மாநிலங்களின் சிறந்த பள்ளி அணிகள் இப்போட்டிக்கு வருகின்றன. கேந்திரிய வித்யாலயா, நவோதயா வித்யாலயா போன்ற அமைப்புகளும் தத்தம் அணிகளை அனுப்புகின்றன. 17 வயதுக்குட்பட்ட மாணவர், 17 வயதுக்குட்பட்ட மாணவியர், அவர்களினும் இளைய மாணவர் எனப் பிரிவுகள் உண்டு. இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு நடத்தும் போட்டிகளிலும் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்னும் பிரிவுகள் வகுக்கப்பட்டுள்ளன.

இப்பிரிவுகள் ஏன் தேவைப்படுகின்றன? பதின்ம வயதில் ஓர் ஆண்டு என்பது சிறிய இடைவெளி அன்று. 14 வயதுச் சிறுவனும் 17 வயது இளைஞனும் ஒரே பந்துக்குப் பாயும்போது தோள்கள் மோதுகின்றன. ஒருவன் நிற்பான், மற்றவன் விழுவான். அந்த மோதலில் திறமைக்கு வேலையே இல்லை. வயதுப் பிரிவு என்பது சிறியவர்களுக்குக் காட்டப்படும் இரக்கம் என்று சிலர் கருதுகின்றனர். ஆட்டம் ஆட்டமாகவே இருப்பதற்குத் தேவையான முதல் விதி அது என்பதே உண்மை. எல்லைக்கோடு எப்படியோ, நடுவரின் ஊதல் எப்படியோ, அப்படியே வயது வரம்பும்.

அவ்விதியை மீறுவோர் உள்ளனர். மாநில, தேசிய அளவில் ஆடியதற்கான சான்றிதழ் கல்லூரிச் சேர்க்கைக்கு உதவுகிறது. இரயில்வே, படைத்துறை, காவல்துறை முதலியவற்றில் விளையாட்டு வீரர்களுக்கென்று பணியிடங்கள் உள்ளன. பள்ளிக்குக் கேடயம் வேண்டும். பயிற்றுநருக்குப் பெயர் வேண்டும். எளிய குடும்பத்துப் பெற்றோருக்கு மகனின் எதிர்காலம் வேண்டும். இவை எல்லாம் ஓரிடத்தில் கூடும்போது, பிறந்த ஆண்டின் கடைசி இலக்கத்தை மாற்றிவிட்டால் என்ன என்னும் எண்ணம் தலைதூக்குகிறது. இந்திய அரசின் விளையாட்டு அமைச்சகம் 2010-ஆம் ஆண்டு வயது மோசடிக்கு எதிராகத் தேசிய நெறிமுறை ஒன்றையே வகுக்க நேர்ந்தது. பொய்யைச் சொல்லுபவர் பெரும்பாலும் பெரியவர். அதைச் சுமந்துகொண்டு ஓடுபவர் மாணவர்.

காதைத் தொட்ட கை

வயது என்பது எப்போதும் தாளில் எழுதப்பட்டதாக இருந்ததில்லை. மத்தியப் பிரதேசத்தின் இரயில்வே நகரம் ஒன்றில் பணிபுரியும் தமிழர் ஒருவரின் மகன், ஒன்பதாம் வகுப்பு மாணவன், கோடை விடுமுறையில் திருநெல்வேலி மாவட்டத்திலுள்ள தாத்தாவின் வீட்டுக்குச் சென்றிருந்தான். பள்ளி திறந்ததும் கால்பந்து அணித்தேர்வுக்குக் கொடுக்கவேண்டும் என்று தன் பிறப்புச் சான்றிதழைப் பையிலேயே வைத்திருந்தான் அவன். அவன் பிறந்தது டிசம்பர் மாதம். அதைக் காட்டிவிட்டுத் தாத்தாவிடம் கேட்டான்:

“தாத்தா, உங்கள் பிறந்தநாள் ஜூன் ஒன்றுதானே?”

“அது பள்ளிக்கூடம் தந்த பிறந்தநாளப்பா. அம்மா பெற்ற நாள் வேறு” என்றார் தாத்தா.

அவருடைய தாய்க்குத் தேதி தெரியாது. கோயிலுக்குப் புதுத்தேர் செய்து ஓடவிட்ட ஆண்டு, ஐப்பசி அடைமழையில், விளக்கு வைத்த நேரத்தில் பிள்ளை பிறந்தான் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். ஊரில் பலருடைய வயதும் அவ்வாறே மழையோடும் வெள்ளத்தோடும் திருவிழாவோடும் முடிந்து வைக்கப்பட்டிருந்தது.

அக்காலத்தில் பள்ளியில் சேர்க்க வரும் குழந்தைக்கு ஒரு சோதனை உண்டு. வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுசென்று இடக்காதைத் தொடவேண்டும். தொட்டுவிட்டால் ஐந்து வயது நிரம்பியது என்று பொருள். தொட இயலாவிட்டால் அடுத்த ஆண்டு வரவேண்டும். தலை பெரிதாகவும் கை குட்டையாகவும் இருக்கும் மழலைப் பருவம் கழிந்து, கை நீளும் வயதே பள்ளிக்கு ஏற்ற வயது என்று முன்னோர் கண்ட கணக்கு அது. தமிழ்நாட்டில் மட்டுமன்றி இந்தியாவின் பல பகுதிகளிலும் இச்சோதனை வழக்கத்தில் இருந்தது.

“அண்ணன் பள்ளிக்குப் போகிறான் என்று நானும் அழுதுகொண்டே பின்னால் போனேன். எனக்கு அப்போது நான்கு வயதுகூட ஆகவில்லை. வாத்தியார் காதைத் தொடு என்றார். கை எட்டவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்தேன், தொட்டுவிட்டேன். அவர் பார்த்தும் பாராதவர்போல் இருந்துவிட்டார்” என்று சொல்லிச் சிரித்தார் தாத்தா.

ஐந்து வயது நிரம்பியதாகக் கணக்கிட்டு, பள்ளி திறந்த ஜூன் மாதத்தின் முதல் நாளை ஆசிரியர் பதிவேட்டில் எழுதினார். அந்தத் தலைமுறையினர் பலருடைய பிறந்தநாள் பள்ளி திறக்கும் காலத்தை ஒட்டியே அமைந்திருப்பதன் காரணம் இதுவே. அதில் வஞ்சகம் எதுவும் இல்லை. அறியாமை ஒரு பங்கு, அன்பு ஒரு பங்கு.

ஆனால் எழுதப்பட்ட தேதி எழுதப்பட்டபடியே நின்றது. தாத்தா கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராகப் பணியாற்றினார். பதிவேட்டின்படி அவர் உண்மையைவிட ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு மூத்தவர். ஆகவே ஓய்வுபெறும் நாளும் ஒன்றரை ஆண்டு முன்னதாகவே வந்தது. இளைய மகளின் திருமணத்துக்குச் சேர்த்துக்கொண்டிருந்த காலம் அது.

“தலையைச் சாய்த்தது நான்கு விரற்கடை. அதற்கு ஒன்றரை ஆண்டுச் சம்பளம் கொடுத்தேன்” என்றார் அவர். சிரிப்பு அப்போது குறைந்திருந்தது. பேரன் தன் பிறப்புச் சான்றிதழை மறுபடி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

இன்று நிலை மாறியிருக்கிறது. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, குழந்தை பிறந்த 21 நாள்களுக்குள் பிறப்பைத் தெரிவிக்கவேண்டும். 2023-இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் பிறப்போருக்குப் பள்ளிச் சேர்க்கை முதலிய பலவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே வயதுக்கு ஆதாரம். காதைத் தொடச் சொல்லும் ஆசிரியர் இனி இரார். ஆயினும் கை மட்டும் வயதுக்குச் சாட்சி சொல்வதை விடவில்லை.

மணிக்கட்டின் சாட்சியம்

தாளை நம்ப இயலாதபோது மருத்துவர் உடலைக் கேட்கிறார். உடலில் அவர் தேர்ந்தெடுக்கும் இடம் இடக்கையும் மணிக்கட்டும் ஆகும்.

மனிதனின் ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. அவற்றுள் 8 எலும்புகள் மணிக்கட்டில் அமைந்தவை. குழந்தைப் பருவத்தில் இவை முழுமையான எலும்புகளாக இருப்பதில்லை. குருத்தெலும்பாக இருந்து, ஒவ்வொன்றாக உறுதிப்படுகின்றன. முன்கை எலும்புகளின் முனையிலும் விரல் எலும்புகளின் முனையிலும் வளர்ச்சிக்குரிய குருத்தெலும்புத் தட்டு ஒன்று இருக்கும். எலும்பு நீள்வது அதனால்தான். பதின்ம வயதின் பிற்பகுதியில் அத்தட்டு மெல்ல மறைந்து எலும்போடு ஒன்றிவிடும். அதன்பின் அவ்வெலும்பு நீள்வதில்லை.

இடக்கையை எக்ஸ் கதிர்ப் படம் எடுத்து, ஒவ்வோர் எலும்பின் நிலைக்கும் மதிப்பெண் இட்டு, அவற்றைக் கூட்டி எலும்பு வயதைக் கணிக்கும் முறையை டேனர், வைட்ஹவுஸ் என்னும் பிரித்தானியர் இருவர் உருவாக்கினர். அதன் மூன்றாம் வடிவம் டி.டபிள்யூ.3 என்று அழைக்கப்படுகிறது. இந்திய விளையாட்டுத் துறையில் வயதுச் சோதனைக்குப் பயன்படும் முறைகளுள் இது முதன்மையானது. பன்னாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா, 2009-ஆம் ஆண்டு நைஜீரியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் மணிக்கட்டுக்கு எம்.ஆர்.ஐ. படம் எடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. இம்முறையில் எக்ஸ் கதிர் உடலில் படுவதில்லை.

அந்த உலகக் கோப்பைப் போட்டியை 2017-இல் இந்தியா நடத்தியது. அக்டோபர் 9 அன்று தில்லியில் கொலம்பியாவுக்கு எதிரான ஆட்டத்தில், பெங்களூருவைச் சேர்ந்த சஞ்சீவ் ஸ்டாலின் அடித்த மூலை உதையை, மணிப்பூரைச் சேர்ந்த ஜீக்சன் சிங் தலையால் முட்டி இலக்குக்குள் செலுத்தினார். ஃபிஃபா உலகக் கோப்பை ஒன்றில் இந்தியா அடித்த முதல் கோல் அது. ஆட்டத்தில் இந்தியா 1–2 என்று தோற்றது. இருப்பினும் தம் வயதினரோடு மோதி அடித்த அந்தக் கோலை இன்றும் மக்கள் நினைவுகூர்கின்றனர்.

எலும்புச் சோதனை பொய்யை முற்றும் ஒழித்துவிடுமா? ஒழிக்காது. எல்லாக் குழந்தைகளும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. ஒரே நாளில் பிறந்த நலமான இரு மாணவர்களின் எலும்பு வயதில் ஓர் ஆண்டுக்கு மேலும் வேறுபாடு இருக்கக்கூடும். பெண்களின் எலும்பு ஆண்களினும் முன்னதாகவே முதிர்கிறது. விரைந்து வளரும் இயல்புடைய நேர்மையான மாணவன் ஒருவனை இச்சோதனை ஐயத்துக்குரியவனாகக் காட்டிவிடலாம். மெல்ல வளரும் ஒருவனின் பொய்யை மறைத்துவிடவும் கூடும். கை நீண்டவன் முன்னதாகக் காதைத் தொடுவதைப் போன்றதே இது. ஆகவே எலும்பைப் பார்ப்பதோடு ஏட்டையும் பார்க்கவேண்டும். இரண்டையும் பார்க்கும் கண் நேர்மையாகவும் இருக்கவேண்டும். அத்தகைய கண் பள்ளியிலேயே இருந்துவிட்டால், தில்லிவரை சென்று மணிக்கட்டைப் படம் எடுக்கத் தேவை இராது.

அக்காவும் தம்பியும்

திருநெல்வேலியிலிருந்து திரும்பிய மாணவனின் பள்ளியில் அவ்வாண்டு அணித்தேர்வு ஜூலை முதல் வாரத்தில் நடந்தது. 17 வயதுக்குட்பட்டோர் பிரிவின் நம்பிக்கையாக விளங்கியவன் பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன். உயரமானவன், ஓட்டத்தில் வேகமானவன். பந்து அவன் காலுக்கு வந்துவிட்டால், எதிரணியினர் இருவரைத் தோளால் ஒதுக்கிவிட்டு இலக்கை நோக்கிச் செல்வான். முந்தைய ஆண்டு மண்டலப் போட்டியில் பள்ளி அடித்த கோல்களுள் பெரும்பான்மை அவனுடையவை.

அவனுடைய கோப்பு வரத் தாமதமாயிற்று. பின்னர் அவன் தந்தையே நேரில் கொண்டுவந்தார். அதில் புதிதாகப் பெறப்பட்ட பிறப்புச் சான்றிதழ் ஒன்று இருந்தது. பழைய பதிவில் தவறு இருந்ததாகவும், அது திருத்தப்பட்டுவிட்டதாகவும் அவர் கூறினார். புதிய தேதியின்படி மகன் வயது வரம்புக்குள் சரியாக அடங்கினான்.

உடற்கல்வி ஆசிரியர் அத்தாளை நெடுநேரம் பார்த்தார். பின்பு சேர்க்கைப் பதிவேட்டை வரவழைத்தார். அம்மாணவனின் அக்கா அதே பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தேதியையும் இந்தத் தேதியையும் அருகருகே வைத்தார்.

“ஐயா, இந்தச் சான்றிதழின்படி அக்காவுக்கும் தம்பிக்கும் ஐந்து மாத இடைவெளிதான் இருக்கிறது” என்றார் அமைதியாக.

தந்தை சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “எல்லாப் பள்ளியிலும் இப்படித்தான் செய்கிறார்கள், சார். உங்களுக்குத் தெரியாதா? என் பையன் ஒருவன்தானா உங்கள் கண்ணில் படவேண்டும்? அவனுக்கு ஒரு வேலை கிடைத்தால் எங்கள் வீடு நிமிர்ந்துவிடும்” என்றார்.

அவர் சொன்னதில் பொய் குறைவு. பிற பள்ளிகள் அவ்வாறு செய்யவில்லை என்று ஆசிரியரால் உறுதி கூற இயலாது. இந்த மாணவன் இல்லாவிட்டால் கேடயம் கைநழுவும் என்பதும் அவருக்குத் தெரியும். பழைய சேர்க்கைப் பதிவேட்டை அவரன்றி வேறு எவரும் எடுத்துப் பார்க்கப்போவதில்லை. பார்த்தும் பாராதவர்போல் இருப்பது அந்நேரத்தில் மிக எளிது.

அவர் சான்றிதழை உறையிலிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “உங்கள் மகனை நான் அணியிலிருந்து நீக்கவில்லை. அவனை அவன் வயதுக்குரிய அணியில் சேர்க்கிறேன். 19 வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஆடட்டும். இந்தத் தாள் என் மேசைக்கு வரவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஆனால் இதை வேறெங்கும் கொடுக்காதீர்கள். பதினெட்டு வயதில் ஒரு தேதி, இருபத்தைந்தில் ஒரு தேதி என்று இருந்தால், வேலை கிடைத்த பிறகும் அவன் அஞ்சிக்கொண்டே இருப்பான்” என்றார்.

வெளியே மரத்தடியில் நின்றிருந்த மாணவன் தந்தையின் முகத்தைக் கண்டே செய்தியை அறிந்துகொண்டான். அன்று மாலை அவன் பயிற்சிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தான்.

மூத்தோர் அணியில் அவனுக்கு முதல் இரு வாரங்கள் துன்பமாகவே கழிந்தன. அங்கே தற்காப்பு ஆட்டக்காரர்கள் எல்லாரும் அவனளவு உயரம் உடையவர்கள். சிலர் அவனினும் வலியவர்கள். தோளால் ஒதுக்கினால் அவர்கள் ஒதுங்கவில்லை. பந்தை நெடுநேரம் காலில் வைத்திருந்தால் பறித்துக்கொண்டனர். இதுவரை அவன் ஆடியது வலிமையின் ஆட்டம். பந்தை உரிய நேரத்தில் பிறருக்கு அளிப்பதும், வெற்றிடம் தேடி ஓடுவதும், தலைநிமிர்ந்து களம் முழுவதையும் பார்ப்பதும் அவனுக்குத் தேவைப்படாமலே இருந்தன. இப்போது தேவைப்பட்டன. ஆகஸ்டு மாதத்துக்குள் அவன் காலிலிருந்து பந்து விரைவாகப் பிரியத் தொடங்கியிருந்தது.

17 வயதுக்குட்பட்டோர் அணியில் ஓர் இடம் காலியானது. பட்டியலின் கடைசிப் பெயராக, டிசம்பரில் பிறந்த அந்தத் தமிழ் மாணவன் சேர்க்கப்பட்டான். அணியிலேயே குள்ளமானவன் அவன். வலப்பக்க ஓரத்தில் ஆடினான்.

அணி மண்டலப் போட்டியில் அரையிறுதிவரை சென்று ஒரு கோல் வேறுபாட்டில் தோற்றது. எதிரணியின் இலக்குக் காவலருக்குக் கருகருவென்று மீசை இருந்தது. மீசை சான்று ஆகாதே என்று ஆசிரியர் சொல்ல, திரும்பும் வண்டியில் மாணவர்கள் சிரித்துக்கொண்டு வந்தனர்.

ஆண்டின் கடைசியில் பிறந்தவர்கள்

வயதில் பொய் இல்லாவிட்டாலும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. கால்பந்தில் வயது வரம்பு பெரும்பாலும் ஜனவரி 1-ஐக் கொண்டு கணக்கிடப்படுகிறது. ஓர் ஆண்டின் ஜனவரியில் பிறந்தவரும் அதே ஆண்டின் டிசம்பரில் பிறந்தவரும் ஒரே பிரிவில் ஆடுகின்றனர். இருவருக்கும் இடையே ஏறத்தாழ 12 மாத வளர்ச்சி வேறுபாடு உண்டு. தேர்வாளரின் கண்ணுக்கு முன்னவர் வலியவராகவும் வேகமானவராகவும் தெரிவார். அவருக்கு அணியில் இடம், நல்ல பயிற்சி, மேலும் பல ஆட்டங்கள் என வாய்ப்புகள் அடுக்கடுக்காகச் சேரும். பின்னவர் பலகையில் அமர்ந்திருந்து, ஒருநாள் திடலுக்கு வருவதையே விட்டுவிடுவார்.

கனடா நாட்டில் பனித்தரை ஹாக்கி ஆட்டக்காரர்களின் பிறந்த மாதங்களை ஆராய்ந்த ரோஜர் பார்ன்ஸ்லி முதலியோர் 1985-இல் இதனை எடுத்துக்காட்டினர். சிறந்த அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தோரே மிகுதியாக இருந்தனர். பின்னர் கால்பந்து உட்படப் பல விளையாட்டுகளில் இதே போக்கு காணப்பட்டது. இதனால் இங்கிலாந்தின் கால்பந்துப் பயிற்சிக்கழகங்கள் சில, பிறந்த ஆண்டை விடுத்து உடல்வளர்ச்சியின் அடிப்படையில் சிறுவர்களைப் பிரித்தும் ஆடவைத்துப் பார்க்கின்றன.

சுனில் சேத்ரி 1984 ஆகஸ்டு 3 அன்று செகந்திராபாத்தில் பிறந்தவர். ஆண்டின் பிற்பாதியில் பிறந்தவர். பெரிய உயரம் உடையவரும் அல்லர். படைத்துறையில் பணியாற்றிய தந்தையின் இடமாறுதலுக்கேற்ப ஊர்விட்டு ஊர் சென்று, பள்ளி மாறிப் பள்ளி மாறிப் படித்தவர். ஒவ்வொரு புதிய ஊரிலும் மொழி வேறு, நண்பர்கள் வேறு. பந்து மட்டும் ஒன்று. அவர் இந்திய அணியின் தலைவராகி, நாட்டுக்காக மிகுதியான கோல்கள் அடித்தவராக உயர்ந்தார். எங்கோ ஒரு திடலில், “நீ சிறியவன், போய் அமர்” என்னும் சொல்லோடு அவருடைய ஆட்டம் முடிந்திருந்தால், இந்தியா எதை இழந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

வயதைக் குறைத்துக் காட்டி ஒருவன் அணியில் நுழையும்போது இழப்பு யாருக்கு என்பது இங்கேதான் விளங்குகிறது. எதிரணிக்கு இழப்பு என்பது வெளியே தெரிவது. தெரியாத இழப்பு அதே பள்ளியில், அதே வகுப்பில் இருக்கிறது. பட்டியலின் கடைசிப் பெயராக வந்திருக்கவேண்டிய ஒரு சிறிய மாணவனோ மாணவியோ, காரணம் அறியாமலே, தனக்குத் திறமை இல்லை என்று நம்பிக்கொண்டு வீட்டுக்குச் செல்கிறார். பணிமாறுதலால் புதிதாக வந்த பிள்ளையாக இருந்தால் இழப்பு மேலும் பெரிது. வகுப்பறையில் மொழி தடுக்கும் இடத்தில் அவருக்குத் திடல் ஒன்றுதான் வாயிலாக இருக்கும். பாஸ், கோல், கார்னர் என்னும் மூன்று சொற்களைக் கொண்டே அங்கே நட்புத் தொடங்கிவிடும்.

கேடயமும் தேதியும்

புதிய பருவம் தொடங்குமுன் பள்ளிகள் செய்யவேண்டியவை பல. திடலில் கல் பொறுக்கவேண்டும். வெயில் தணிந்த நேரத்தில் பயிற்சி வைக்கவேண்டும். குடிநீர் அருகிலேயே இருக்கவேண்டும். தேர்வு நாளில் உயரத்தை மட்டும் பாராமல், பந்தை யார் நன்றாகப் பெறுகிறார், யார் நன்றாகக் கொடுக்கிறார் என்று பார்க்கவேண்டும். அணியில் இடம் பெறாதவர்களுக்கும் வாரம் ஒருமுறையேனும் ஆட்டம் அமையவேண்டும். இவை ஆசிரியர்களின் கடமைகள்.

மாணவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொருவரும் தம் பிறப்புச் சான்றிதழை ஒருமுறை எடுத்துப் படித்துப் பார்க்கலாம். பெயரும் தேதியும் பள்ளிப் பதிவேட்டோடு ஒத்திருக்கின்றனவா என்று பெற்றோரிடம் கேட்டு அறியலாம். எழுத்துப்பிழையோ எண்பிழையோ இருந்தால், அதை முறைப்படி திருத்திக்கொள்ள இதுவே தக்க காலம். “ஓர் ஆண்டைக் குறைத்துக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாது” என்று எவரேனும் அறிவுரை கூறினால், தெரியக்கூடியவர் ஒருவர் கட்டாயம் உண்டு என்பதை நினைவில் கொள்ளலாம். அந்தத் தேதியைக் கையெழுத்துக்கு மேலே வாழ்நாள் முழுவதும் எழுதப்போகிறவர் அவர்.

கேடயம் பள்ளியின் கண்ணாடி அலமாரியில் ஓராண்டு இருக்கும். அடுத்த பருவத்தில் வேறு பள்ளிக்குப் போய்விடும். பிறந்த தேதியோ மதிப்பெண் சான்றிதழில் தொடங்கி ஓய்வூதியப் புத்தகம் வரை கூடவே வரும்.